தாங்கி நிற்கும் தாழ்ந்த நாதம்

(பங்குப் பொன்விழாவையொட்டி, அச்சங்குளம் வட்டாரப் பாடகர் குழுக்கள் ஒன்றுகூடிய நாளில் பேஸ் கிட்டார் வாசிப்போர் சார்பில் ஆற்றிய உரை)

 

பொன்விழா மேடையில் பேசுவதற்குப் பெரிய பெரிய பொருள்கள் எத்தனையோ உண்டு. எங்களுக்குக் கிடைத்த பொருளோ நான்கு கம்பிகள் மட்டுமே கொண்ட பேஸ் கிட்டார். நாங்கள் நான்கு பேர். எங்களுக்குக் கருவி ஒன்று. ஆளுக்கு ஒரு கம்பி என்று கணக்குச் சரியாக வருகிறதே என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு. பட்டாசு ஆலையிலும் அச்சாபீஸிலும் வேலை முடித்து மாலையில் கூடுகிற நாங்கள், இக்கருவியைப் பற்றி எங்களுக்குள் ஓயாமல் பேசியவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறோம். கருவி எதற்கு, எப்படி வாங்குவது, எப்படிக் கற்பது என்ற மூன்றும் அதில் அடங்கும். முடிவில் ஒரு விண்ணப்பமும் உண்டு.

முதலில், கருவி எதற்கு?

திருவிழாப் பூசை முடிந்ததும் பெரியவர் ஒருவர் எங்களிடம் கேட்டார்: “ஏப்பா, எல்லாரும் வாசிக்கது காதுல விழுது. இந்தத் தம்பி மட்டும் நாலு கம்பியைத் தடவிக்கிட்டே நிக்கான், ஒண்ணுமே கேக்கலையே!” கேள்வி நியாயமானதுதான். பேஸ் என்பது காதுக்குத் தனியாகத் தெரிகிற ஒலியன்று. அது நின்றுபோனால்தான் தெரியும். வீட்டின் வாசற்கதவைப் பார்க்கிறோம், வண்ணத்தைப் பார்க்கிறோம். வானம் தோண்டிப் போட்ட அடித்தளத்தை யார் பார்க்கிறார்கள்?

நம் இசைக்கு இது புதிதுமன்று. மிருதங்கம் வாசிப்பவர் கச்சேரிக்கு முன் இடந்தலையில் ரவையைப் பிசைந்து அப்புவதைப் பார்த்திருப்பீர்கள். தாழ்ந்த நாதம் கனமாக எழும்புவதற்காகவே அதைச் செய்கிறார்கள். நாகசுரக்காரர் பக்கத்தில் ஒருவர் ஒத்து ஊதுவார். ராகம் எங்கே போனாலும் அவர் சுருதியை விட்டு அசையமாட்டார். நம் பக்கத்து ஊரான கோவில்பட்டியில் காருகுறிச்சி அருணாசலம் அவர்களுக்குச் சிலை நிற்கிறது. அவர் ஊதியபோது பக்கத்தில் ஒத்து ஊதியவர்களின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஆயினும் அவர்கள் மூச்சு விட்டிருந்தால் அந்த மாமேதையின் ராகமும் தடுமாறியிருக்கும். உடலில் வலுக்குறைந்தவையாகத் தோன்றும் உறுப்புகளே மிகவும் தேவையானவை என்ற கருத்தைப் புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 12-ஆம் அதிகாரத்தில் விளக்குகிறார். பேஸ் வாசிப்பவன் சுவரில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய பாடம் அது.

கணக்காகவும் சொல்லலாம். சாதாரணக் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி வினாடிக்குச் சுமார் 82 முறை அதிர்கிறது. பேஸ் கிட்டாரின் தாழ்ந்த கம்பியோ சுமார் 41 முறைதான் அதிர்கிறது. அதாவது ஒரு ஸ்தாயி கீழே. இந்த நாதத்துக்காக முன்பெல்லாம் ஆள் உயரத்துக்கும் மேலான பெரிய வயலினை, டபுள் பேஸ் என்பதை, நின்றுகொண்டே வாசித்தார்கள். 1951-ஆம் ஆண்டு அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர், தோளில் மாட்டிக்கொள்ளும்படியான மின்சாரப் பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கழுத்தில் ஃப்ரெட் கட்டைகள் இருந்தமையால் சுருதி பிசகாமல் விரல் வைக்க முடிந்தது. அதனாலேயே அதற்குத் துல்லியம் என்று பொருள்படும் ‘பிரிசிஷன்’ என்ற பெயர் வந்தது.

தமிழ்நாட்டில் இந்த நாதத்தை வீடுதோறும் கொண்டுசேர்த்தது திரையிசை. 1976-இல் ‘அன்னக்கிளி’ மூலம் அறிமுகமான இளையராஜா அவர்களின் பாடல்களில் பேஸ் ஒரு தனிப் பாடகனைப்போல் கீழே நடந்துகொண்டேயிருக்கும். அவருக்குப் பல்லாண்டுகள் பேஸ் வாசித்தவர் சசிதரன். ஏ. ஆர். ரகுமான் அவர்களின் இசையில் வாசித்தவர் சென்னையைச் சேர்ந்த கீத் பீட்டர்ஸ். பாடல்களை மனப்பாடமாக வைத்திருக்கும் நாம் இந்தப் பெயர்களைக் கேட்டிருக்கிறோமா? இனியாவது ஒரு பாட்டைக் கேட்கும்போது, பாடகரை விட்டுவிட்டுக் கீழே ஓடுகிற அந்த இழையை மட்டும் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். வீட்டை மறுபக்கத்திலிருந்து பார்த்ததுபோல் இருக்கும்.

“அதெல்லாம் சினிமாவுக்குச் சரி, கோவிலுக்கு எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. திருச்சபையே இந்தக் கேள்வியை ஆழ்ந்து எண்ணிப் பார்த்திருக்கிறது. 1903-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள், இசைக்கலைஞர்களின் பாதுகாவலியான புனித செசிலியா திருநாளன்று, திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் கோவில் இசையைப் பற்றி ஓர் ஆணை வெளியிட்டார். பியானோவும், மேளம் போன்ற ஆரவாரக் கருவிகளும் அதில் விலக்கப்பட்டன. நாடக அரங்கின் பகட்டு பீடத்தருகே வந்துவிட்டதே என்ற கவலையே அதற்குக் காரணம். பின்னர் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டுச் சட்டம் கதவைத் திறந்தது. குழாய் ஆர்கனுக்குத் தனி மதிப்பு அளித்த அச்சட்டம், மற்றக் கருவிகளையும் உரிய அதிகாரிகளின் இசைவோடு ஏற்கலாம் என்றது. ஆனால் அவை வழிபாட்டுக்குத் தகுந்தவையாகவும், ஆலயத்தின் மாண்புக்கு ஏற்றவையாகவும், விசுவாசிகளுக்கு உண்மையிலேயே பயன் தருபவையாகவும் இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மக்கள் முழுமையாகப் பங்கெடுக்க வேண்டும் என்பதே சங்கத்தின் விருப்பம்.

தவக்கால ஒழுங்கையும் நினைவுகூர்வோம். அந்நாட்களில், நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் நீங்கலாக, இசைக்கருவிகள் பாடலைத் தாங்குவதற்கு மட்டுமே ஒலிக்கலாம் என்பது திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை. கிட்டார்க்காரருக்கும் கீபோர்டுக்காரருக்கும் அது நோன்பு. பேஸ் வாசிப்பவனுக்கோ ஆண்டு முழுவதும் அதுவே தொழில். மக்கள் பாடுகிறார்களா? அவர்கள் சுருதியும் காலமும் நிலைத்து நிற்கின்றனவா? எங்கள் வாசிப்பை அளப்பதற்கு இந்த இரண்டு கேள்விகளே போதும். கருவி வாங்குவதையும் கற்பதையும் இதே அளவுகோலால்தான் நாங்கள் பார்க்கிறோம்.

இரண்டாவது, கருவி வாங்குதல்.

நம் பகுதியில் ஒவ்வொரு ரூபாயும் எப்படி வருகிறது என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மருந்தோடும் நெருப்போடும் மல்லுக்கட்டிச் சனிக்கிழமை கைக்கு வருகிற பணம் அது. ஆகையால், பளபளப்பைக் கண்டு வாங்குவது பாவம் என்றே சொல்லுவோம். ஐந்து கம்பி, ஆறு கம்பிக் கருவிகள் உண்டு; கோவில் பாட்டுக்கு நான்கே தாராளம். சில கருவிகளுக்குள் பேட்டரி போடவேண்டும். பெரிய வெள்ளி இரவில் பேட்டரி தீர்ந்தால் எந்தக் கடை திறந்திருக்கும்? பேட்டரி வேண்டாத வகையே நமக்கு நல்லது. வழக்கமான பேஸில் கம்பியின் நீளம் 34 அங்குலம். சாதாரண மின்கிட்டாரில் ஏறக்குறைய 25 அங்குலந்தான். சிறிய கைகளுக்காக 30 அங்குலக் கருவிகளும் கிடைக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் கற்கும் இடத்தில் அதை எண்ணிப் பார்க்கலாம்.

கல்கத்தாவில் உருவான கிவ்சன் போன்ற உள்நாட்டுக் கிட்டார்கள் எத்தனையோ பாடகர் குழுக்களுக்கு முதற்கருவியாக இருந்திருக்கின்றன. சென்னை அண்ணா சாலையில், 1842-ஆம் ஆண்டுவரை வரலாறு பின்னோக்கிச் செல்லும் மியூசி மியூசிகல் என்ற கடை இருக்கிறது. அவ்வளவு தூரம் போக வசதியில்லாதவர்கள் மதுரைக்காவது போகலாம். இப்போது வீட்டிலிருந்தபடியே வரவழைக்கவும் முடிகிறது. எந்த வழியானாலும், கையில் வாங்கிப் பார்த்து, குறையிருந்தால் திருப்பித்தர வழியுண்டா என்று உறுதி செய்துகொண்ட பிறகே பணத்தைக் கொடுங்கள்.

பழைய கருவி வாங்குவதில் வெட்கமில்லை. மாடு பிடிக்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல நாமும் சிலவற்றைப் பார்க்கவேண்டும். கழுத்தை ஒரு கண்ணால் நீளவாட்டில் நோக்குங்கள். வில்லாக வளைந்திருந்தால் உள்ளேயுள்ள இரும்புக் கம்பியைத் திருகி நிமிர்த்த முடியுமா என்று விவரம் தெரிந்தவரிடம் கேளுங்கள். ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு கட்டையிலும் அழுத்தி மீட்டுங்கள்; எங்காவது ‘கிர்’ரென்று உரசுகிறதா? பன்னிரண்டாம் கட்டையில் அழுத்தினால் வருகிற சுரம், திறந்த கம்பிக்குச் சரியாக ஒரு ஸ்தாயி மேலே நிற்கவேண்டும். ஒயரைச் செருகி அசைத்துப் பாருங்கள். கரகரப்பு வந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

கருவியைவிட முக்கியமானது பெருக்கி. கூம்பு ஒலிபெருக்கி ஊர் முழுதும் செய்தி சொல்லும்; ஆனால் தாழ்ந்த நாதத்தை அதனால் தரமுடியாது. அதில் பேஸைச் செருகிவிட்டுக் கேட்கவில்லையே என்பது, சல்லடையில் தண்ணீர் மொள்ளுவதுபோல. சாதாரணக் கிட்டார்ப் பெருக்கியில் சத்தமாக வாசித்தால் அதன் ஒலிபெருக்கி கிழிந்துபோகவும் கூடும். பேஸுக்கென்றே செய்த, அகன்ற ஒலிபெருக்கி உள்ள சிறு பெட்டி ஒன்று வேண்டும். அதைச் சுவர் மூலையில் வைத்தால் கோவில் முழுதும் ‘கும்’மென்று குழம்பும், மூலையை விட்டுத் தள்ளி, பாடகர்களுக்குக் கேட்கும்படி வையுங்கள்.

மற்றொன்று உயிர் சம்பந்தப்பட்டது. பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குள் போகுமுன் எர்த் தகட்டைத் தொட்டுவிட்டுப் போகச் சொல்வது எதற்காக என்று உங்களுக்குத் தெரியும். அதே கவனம் மேடையிலும் வேண்டும். எர்த் இல்லாத இணைப்பில், பழுதான பெருக்கியில் கிட்டாரைச் செருகி, கம்பியில் கையும் மைக்கில் உதடுமாக நிற்பவனுக்கு மின்சாரம் பாயலாம். திருவிழா ஜெனரேட்டரில் இந்த ஆபத்து அதிகம். மூன்று முள் பிளக்கில் ஒரு முள்ளை ஒடித்துச் செருகுகிற பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

வாங்கிய கருவியைத் தகரக் கூரைக்கு அடியிலும், வெயிலில் நிற்கும் வண்டியிலும் வைக்காதீர்கள்; நம் ஊர் வெயிலுக்கு மரம் வளையும். வேலை முடிந்து வருகிறவர்கள் கையிலுள்ள வெள்ளிப்பொடியைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே கம்பியைத் தொடவேண்டும். கம்பிக்கும் நல்லது, கற்க வரும் பிள்ளைகளுக்கும் நல்லது. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்தால் பேஸ் கம்பி நெடுநாள் உழைக்கும்.

மூன்றாவது, கற்றல்.

பேஸ் கிட்டாரை யாரும் முதல் விருப்பமாகக் கேட்பதில்லை. உலகப் புகழ்பெற்ற பீட்டில்ஸ் குழுவில் 1961-இல் பேஸ் வாசித்தவர் விலகியபோதும் அதே கதைதான். யாரும் விரும்பாத அந்த இடத்தைப் பால் மெக்கார்ட்னி ஏற்றுக்கொண்டார். விருப்பமின்றி ஏற்ற அந்தக் கருவியாலேயே அவர் பெரும்பெயர் பெற்றார். ஆகையால், “எனக்குக் கிட்டார் கிடைக்கவில்லை, பேஸ்தான் கிடைத்தது” என்று முகம் வாடுகிற தம்பிமாரே, மனம் தளராதீர்கள்!

தொடக்கப் பாடம் எளிது. பாட்டின் ஆதார சுரமான ‘ச’ எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். அடுத்து ‘ப’. தம்புராவும் பெரும்பாலும் இந்த இரண்டைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறது! இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, தபேலாவின் இடக்கை விழும் இடத்தில் தவறாமல் விழுங்கள். ஒரு மாதம் இதைச் செய்தவன் அரைக் கலைஞன். விரலால் மீட்டுவதா, வில்லையால் மீட்டுவதா என்று எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. விரல் மென்மை தரும், வில்லை தெளிவு தரும். இந்த வழக்கு பொன்விழாவுக்குள் தீரப்போவதில்லை!

நம் வழிபாட்டில் இக்கருவிக்கு ஒரு தனி வசதியும் உண்டு. குருவானவர் தமக்கு வசதியான சுருதியில் பாடத் தொடங்குவார். பாடகர் குழு தேடி ஓடும். பேஸில் ஒரே விரல் அமைப்பை இரண்டு கட்டை மேலே தள்ளினால் அதே பாட்டு புதிய சுருதியில் வந்துவிடும். புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. கேட்கிற காது மட்டும் வேண்டும். உண்மையில் கற்கவேண்டியது கேட்பதைத்தான். எங்கே வாசிக்காமல் இருக்கவேண்டும் என்று தெரிந்துகொள்வதே முழுக் கலை. நற்கருணை எழுந்தேற்றத்துக்குப் பின் வரும் மௌனம் கருவிகளுக்கும் உரியது.

பெண்பிள்ளைகளையும் அழைக்கிறோம். மும்பையைச் சேர்ந்த மோகினி டே என்னும் பெண்மணி, பேஸ் கலைஞரான தம் தந்தையிடம் சிறுவயதிலேயே கற்று, ஏ. ஆர். ரகுமான் அவர்களுடன் மேடையேறியவர். அச்சங்குளத்துப் பிள்ளைக்கு மட்டும் விரல் இல்லையா?

இனி, “கீபோர்டில் பட்டனை அமுக்கினால் பேஸ் தானாக வருகிறதே, இதற்கு ஓர் ஆள் எதற்கு?” என்ற கேள்வி. இயந்திரம் தவறாது வாசிக்கும், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அது யாருக்காகவும் காத்திருக்காது. பாட்டிமார் மூச்சு வாங்குகிற இடத்தில் அது நிற்காது. மக்கள் குரல் தளர்கிற இடத்தில் அது தாங்காது. பாட்டு ஒரு பக்கம், பட்டன் ஒரு பக்கமாகப் போய்விடும்.

இதைச் சொல்லும்போது ஒரு நாளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2021 பிப்ரவரி 12-ஆம் நாள் நம் அச்சங்குளத்தில் நேர்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறிகொடுத்தோம். சாதி மதம் பாராமல் சுற்றுவட்டாரமே அழுதது. அதற்கு ஐந்தாம் நாள் திருநீற்றுப் புதன். அந்த ஆண்டு தவக்காலம் நமக்கு முன்னதாகவே தொடங்கிவிட்டது. துக்கத்தில் பாடுகிற மக்களின் குரலை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பல்லவியைத் தொடங்குவார்கள், இரண்டாம் அடியில் சுருதி இறங்கும், மூன்றாம் அடியில் தொண்டை அடைக்கும், பாட்டு பாதியில் அறுந்து அழுகையாகும். அந்த வேளையில் அலங்கார வாசிப்பு யாருக்கு வேண்டும்? கீழே ஒரே ஒரு சுரம், நிதானமாக, “நாங்கள் இருக்கிறோம், நீங்கள் எப்போது தொடர்ந்தாலும் இங்கேயே நிற்போம்” என்று சொல்லவேண்டும். யாரோ ஒரு தாய் குரலை எடுப்பாள். அவளுக்குப் பின்னால் கோவிலே எழும். பாடி முடிக்கிற துக்கத்துக்கும் பாட முடியாமல் போகிற துக்கத்துக்கும் எவ்வளவு வேறுபாடு உண்டு என்பதை நம் பங்கு மக்கள் அறிவார்கள். இந்தக் கருவியை நாங்கள் விடாமல் கற்பதற்குக் காரணம் இதுவே.

இப்போது எங்கள் விண்ணப்பம். நோயுற்றோருக்கும், விபத்தில் நலிந்த குடும்பங்களுக்கும், படிக்கிற ஏழைப் பிள்ளைகளுக்கும் போகவேண்டிய பணத்தில் ஒரு காசும் எங்களுக்கு வேண்டாம். விழா அலங்காரத்துக்கென்று ஒதுக்கும் தொகையில் மிச்சம் பிடிக்க முடிந்தால், முதலில் பாடகர் மேடைக்குச் சரியான எர்த் இணைப்புப் போட்டுத் தாருங்கள். அடுத்து ஒரு சிறிய பேஸ் பெருக்கி. மூன்றாவதாகவே, முடிந்தால், பழையதாயினும் நல்லதாக ஒரு கருவி. அது எங்களுக்கல்ல, பங்குக்குச் சொந்தமாக இருக்கட்டும். ஏட்டில் பெயர் எழுதிக் கற்பவர் வீட்டுக்கு எடுத்துப் போகட்டும்.

எங்கள் பங்குக்கு நாங்கள் தருவது எங்கள் நேரம். தீபாவளி முடிந்து ஆலைகளில் வேலை குறைந்திருக்கும் வாரங்களில் வகுப்பு நடத்துவோம். புனித செசிலியா திருநாளாகிய நவம்பர் 22-இல் தொடங்கினால், கிறிஸ்து பிறப்புத் திருவிழாவுக்குள் ஒரு பிள்ளை இரண்டு பாட்டுக்காவது ‘ச’வும் ‘ப’வும் பிடித்துவிடும். காசு வாங்கமாட்டோம். மாலையில் கைகழுவி, நேரத்துக்கு வந்தால் போதும்.

இந்தக் கோவிலைக் கட்டியவர்களில் கல் சுமந்தவர்கள் உண்டு, மண் மிதித்தவர்கள் உண்டு. அவர்களில் பலருடைய பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஆனாலும் அவர்கள் போட்ட அடித்தளத்தின்மேல்தான் நாம் இன்று உட்கார்ந்திருக்கிறோம். அவர்களைப்போல எங்கள் வாசிப்பும் காதுக்குத் தெரியாமல் உங்கள் பாடலைத் தாங்கட்டும். அடுத்த ஞாயிறு நீங்கள் வாய்விட்டுப் பாடினால், அதுவே எங்களுக்குப் போதிய கைதட்டல்.

 இறைவனுக்கே புகழ்!